கலியாணத்தால் வந்த கோல்காப்பாளன்

முல்லைத்தீவுக் கரையில் ஒரு கழகத்துக்கு நல்ல ஆட்டக்காரன் வேண்டுமென்றால், முதலில் ஊருக்குள் ஒரு பெண்ணைத் தேட வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் ஊருக்குப் போய்க் குடியிருப்பான். போன ஊரின் கோயில்தான் இனி அவன் கோயில், அந்த ஊர்க் கரைதான் அவன் கரை, அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகம்தான் அவன் கழகம். இதனால் எங்காவது ஒரு பெடியன் கொஞ்சம் நன்றாகப் பந்தடிக்கத் தொடங்கினால், பக்கத்து ஊர்க் கழகத் தலைவர்மார் தங்கள் ஊரில் கலியாணத்துக்கு இருக்கும் பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். நாலு பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கழகத்தில் தனி மரியாதை உண்டு. பொதுக்கூட்டத்தில் அந்த வீட்டுத் தகப்பனுக்கு முன்வரிசையில் கதிரை போடுவார்கள்.

கொன்ஸ்ரன்ரைனும் இப்படித்தான் கண்டல்முனையிலிருந்து சிப்பித்துறைக்குப் போய்ச் சேர்ந்தான். பதினாலு வருஷம் அந்தக் கழகத்தின் கோல்காப்பாளனாக நின்றான். அவனுடைய ஆட்ட வாழ்க்கையில் ஒரேயொரு சிக்கல்தான். அவன் கோல்காப்பாளன் இல்லை.

பிறந்த ஊரில் அவனை இடது ஓரத்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே நின்றால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதுதான் காரணம். பந்து அந்தப் பக்கம் வந்தால் அதன் பின்னால் ஓடுவான். நல்ல ஓட்டம்தான், ஊரே கைதட்டும். ஆனால் அவன் போய்ச் சேருமுன் பந்து வேறு யாரிடமாவது போயிருக்கும். இடம்பெயருமுன்னும் பின்னுமாக மூன்று வருஷத்தில் இரண்டு கோல் போட்டான். இரண்டும் தங்கள் கோலுக்குள்ளேயே போட்டவை. கண்டல்முனையின் உண்மையான கோல்காப்பாளன் அவனுடைய தமையன் றெஜி.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவந்த அடுத்த வருஷம், 2011 இல், கரையோரக் கழகங்கள் மறுபடி சுற்றுப்போட்டி வைக்கத் தொடங்கின. வீடுகளுக்குக் கூரை வருமுன்னே கோல்கம்பங்கள் வந்துவிட்டன. சிப்பித்துறையோடு ஆட்டம் இருந்த நாள் காலையில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது றெஜியின் உள்ளங்கையில் திருக்கை முள் ஏறிவிட்டது. கை பனங்காயளவு வீங்கிப்போனது. யாரைக் கோலுக்குள் விடுவது என்று கழகம் கூடி யோசித்தது. மைதானத்தில் யார் இல்லாவிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று பார்த்தார்கள். எல்லாருடைய கண்ணும் கொன்ஸ்ரன்ரைனில் போய் நின்றது.

அன்றைக்கு அவன் தடுத்த பந்துகளைப்பற்றிச் சிப்பித்துறையில் இன்றைக்கும் கதைப்பார்கள். நடந்தது இதுதான். முதல் பந்து நேரே முகத்தில் அடித்துத் திரும்பியது. இரண்டாவது பந்து வரும்போது சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்திருந்தான், அது முதுகில் பட்டு வெளியே போனது. மூன்றாவதைக் கண்டதும் வலப்பக்கம் தப்பி ஓடினான், பந்தும் அதே பக்கம் வந்துவிட்டது. கடைசியில் தண்ட உதை. பயத்தில் நின்ற இடத்திலேயே நின்றான். உதைத்தவன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று குழம்பி நடுவிலே அடித்தான், பந்து நெஞ்சில் வந்து விழுந்தது. எட்ட நின்று பார்த்தவர்களுக்கு இதெல்லாம் அபாரமான துணிச்சலாகத் தெரிந்தது.

எட்ட நின்றவர்களில் ஒருவர் மரியநேசன். சிப்பித்துறைக் கழகத்தின் தலைவர், பின்வரிசை ஆட்டக்காரர், கலியாணத்துக்கு ஒரு தங்கச்சி உள்ளவர். அடுத்த ஞாயிறே வாழைக்குலையோடு கண்டல்முனைக்கு வந்து இறங்கினார். கொன்ஸ்ரன்ரைனின் வீட்டில் கொடுத்த தேத்தண்ணீர் ஆறும்வரை மாப்பிள்ளையின் குடும்பத்தையோ தொழிலையோபற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. உயரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். கையை விரித்துக் காட்டச் சொன்னார்.

கொன்ஸ்ரன்ரைன் உண்மையைச் சொல்லத்தான் இருந்தான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் மரியநேசனின் தங்கச்சி ஸ்ரெல்லா தட்டத்தை நீட்டி, அவன் முகத்தில் பந்து பட்டுக் கன்றியிருந்த இடத்தைப் பார்த்து, இன்னும் நோகுதோ என்று கேட்டாள். அவன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இல்லை, இப்போது நோகவில்லை என்றான். அவளைக் கட்டாவிட்டால் தனக்கு வாழ்க்கையே இல்லையென்று அந்த நிமிஷத்தில் நினைத்தான். அப்படி நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை, ஸ்ரெல்லா அப்படிப்பட்டவள்தான்.

ஆனாலும் மனம் உறுத்தியது. கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசித்து, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். கோல்காப்பாளன் இல்லாதவன் கோல்காப்பாளன் என்று சொல்லிப் பெண் எடுப்பது தடையா இல்லையா என்று பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையைக் கேட்டான். இரத்த உறவு, முன் கலியாணம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் தடைதான், உதைபந்து அந்தப் பட்டியலில் இல்லை என்றார் சுவாமி. கடவுள் பொறுப்பார், சிப்பித்துறை பொறுக்குமோ தெரியாது என்றும் சொல்லி மூன்று அருள்நிறை மந்திரம் தண்டனை கொடுத்தார்.

கண்டல்முனை ஊர் செய்ததுதான் பெரிய வேலை. வழக்கமாக ஓர் ஆட்டக்காரனின் அறிவித்தல் வாசித்தால் யாராவது எழும்பி, சுற்றுப்போட்டி முடியும்வரை தள்ளிவைக்கலாமே சுவாமி என்று கேட்பார்கள். இந்த முறை மூன்று ஞாயிறும் ஒருவர்கூட இருமவில்லை. தங்களிடமிருந்த மிக மோசமான ஆட்டக்காரனைக் கோல்காப்பாளன் என்று நம்பிச் சிப்பித்துறை கொண்டுபோகிறது. இப்படியொரு அதிர்ஷ்டம் எந்தக் கழகத்துக்கு வாய்க்கும்? கிழவர்முதல் பால்குடி வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிய வாயை அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

முதல் வருஷம் கொன்ஸ்ரன்ரைன் ஏழு ஆட்டத்தில் இருபத்துமூன்று கோல் வாங்கினான். புது இடம், கடற்காத்து வேறு திசை, பழக வேண்டும் என்று மரியநேசன் எல்லாருக்கும் சமாதானம் சொன்னார். இரண்டாம் வருஷமும் காற்றையே சாட்டினால் எடுபடாது என்பது கொன்ஸ்ரன்ரைனுக்குத் தெரியும். பந்து பிடிக்கப் பழக வேண்டும், அதை ஒருவரும் பார்க்கக் கூடாது. வழி கரையிலேயே கிடைத்தது. காலையில் படகுகள் வந்தால் படகிலிருந்து மீனை எறிவார்கள், கரையில் ஒருவன் நின்று பிடித்துப் பெட்டியில் போடுவான். கை வழுக்கும், செதிள் கிழிக்கும், யாரும் விரும்பாத வேலை. கொன்ஸ்ரன்ரைன் தன் படகுக்கு மட்டுமில்லை, கரைக்கு வந்த எல்லாப் படகுக்கும் போய் நின்றான். பாரை, சூரை, கட்டா என்று ஒரு நாளைக்கு முந்நூறு பிடித்தான். என்ன நல்ல மனுசன் என்று ஊர் சொன்னது. மாமியார் அவனுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்.

வழுக்கும் சூரையைப் பிடித்தவனுக்குக் காய்ந்த பந்து என்ன பெரிய காரியம்? மூன்றாம் வருஷம் பதினொரு கோல். ஐந்தாம் வருஷம் நாலு. ஏழாம் வருஷம் மாவட்ட அணிக்கு மாற்றுக் காப்பாளனாகப் பெயர் வந்து, பஸ்ஸில் கிளிநொச்சிவரை போய், ஒரு நிமிஷமும் ஆடாமல் மைதானத்து வாங்கில் குந்தியிருந்து, சோற்றுப் பார்சல் சாப்பிட்டுத் திரும்பிவந்தான். அந்த அணியின் மேல்சட்டை இப்போதும் அலுமாரியில் மடித்து இருக்கிறது. அவனுக்கு இரண்டாவது பெண்பிள்ளை பிறந்த அன்றைக்கு மரியநேசன் ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஒரு நல்ல முன்வரிசைக்காரன் பார்க்க வேண்டும் என்றார்.

இத்தனைக்குப் பிறகும் கொன்ஸ்ரன்ரைனுக்கு உள்ளே ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. ஸ்ரெல்லா ஒரு கோல்காப்பாளனைக் கட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிய வந்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் எழும்பிக் கரைக்குப் போய்விடுவான். ஊர் என்ன சொன்னாலும் தாங்கலாம், அவள் ஏமாந்துபோனதாக நினைத்தால் தாங்க முடியாது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினாலு வருஷம் போய்விட்டது.

போன வருஷம் சிப்பித்துறைத் திருநாள் கிண்ணத்தின் இறுதி ஆட்டம், சிப்பித்துறைக்கும் கண்டல்முனைக்கும். றெஜி இப்போது கண்டல்முனை அணியின் பயிற்றுநர். காலையில் தம்பி வீட்டுக்கு வந்து, ஸ்ரெல்லா அவித்த புட்டையும் நண்டுக்கறியையும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டான். பிறகு கை கழுவுவதாகத் தம்பியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொல்லிவிடுவதாகக் கண்டல்முனைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறார்களாம்.

கொன்ஸ்ரன்ரைன் தமையனின் கையைப் பிடித்துக் கெஞ்சினான். றெஜிக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"நான் என்னடா செய்ய? ஊர் பதினாலு வருசமா அடக்கி வச்சிருக்கு. நீயும் இந்த வருசத்தோடை ஆட்டத்தை நிப்பாட்டப் போறாயாம். இனிச் சொல்லாட்டி எப்ப சொல்லுறது?"

ஆகவே அன்றைக்குப் பின்னேரத்துக்குள் ஸ்ரெல்லாவுக்குத் தானே சொல்லிவிட வேண்டும். ஒலிபெருக்கியில் அவள் கேட்கக் கூடாது. பூசைக்கு முன்னால் சொல்லப் போனான், அவள் பாடகர் குழுவோடு நின்றாள். பூசைக்குப் பிறகு போனான், சுவாமிக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் குசினிக்குள் போய், ஸ்ரெல்லா, ஒரு விஷயம் என்றான். அவள் ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்து, பந்தலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பிவர, மரியநேசன் அணியோடு உடுப்பு மாற்ற அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் முரசுமோட்டைச் சிற்றம்பலம். கமக்காரர், சைவர். கரையோர மக்களில் ஒருவருக்கும் மாமனோ மச்சானோ ஆகாதவர் என்பதால் எல்லா இறுதி ஆட்டத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வயல் வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வருவார். உதைபந்துச் சட்டங்களில் பாதியளவு தெரியும், அந்தப் பாதியில் அசைய மாட்டார்.

ஸ்ரெல்லா எப்போதும் புருஷன் காக்கும் கோலுக்குப் பின்னால்தான் குடையோடும் தண்ணீர்ப் போத்தலோடும் நிற்பாள். இடைவேளைக்குப் பிறகு அவன் பக்கம் மாறினால் அவளும் குடையைத் தூக்கிக்கொண்டு மறு பக்கம் போவாள். வலைக்கும் அவளுக்கும் இடையில் நாலு அடிதான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கொன்ஸ்ரன்ரைன் தீர்மானித்தான்.

"ஸ்ரெல்லா, நான் ஒண்டு சொல்ல வேணும்," என்றான், மைதானத்தைப் பார்த்தபடியே.

"பந்தைப் பாருங்கோ," என்றாள் ஸ்ரெல்லா.

பந்து வந்தது. பாய்ந்து பிடித்தான். ஊர் கத்தியது. எழும்பி, மண்ணைத் தட்டி, மறுபடி தொடங்கினான். மறுபடி பந்து வந்தது. அன்றைக்குக் கண்டல்முனைக்காரர்கள் அவனைப் பேசவிடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவர்கள்போல அடித்தார்கள். அவன் ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு பந்து பிடித்தான். வாழ்நாளில் அவன் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அதுதான். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் கடைசி ஐந்து நிமிஷம் வந்தது. அப்போது கோலுக்கு முன்னால், இன்னும் பின்வரிசையை விடாமல் ஆடிக்கொண்டிருந்த மரியநேசனின் கையில் பந்து பட்டுவிட்டது. சிற்றம்பலம் விசில் ஊதித் தண்ட உதை கொடுத்தார்.

உதைக்கும் இடத்தைக் குறித்த சுண்ணாம்பு அதற்குள் காலடிபட்டு அழிந்துபோயிருந்தது. சிற்றம்பலம் கோல்கோட்டிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்தார். எட்டு பெரிது என்று கண்டல்முனை சண்டைக்கு வந்தது. மறுபடி வைத்தார். இப்போது சின்னது என்று சிப்பித்துறை மறித்தது. சிற்றம்பலம் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை தொடங்கினார். இனி நேரமில்லை என்று கொன்ஸ்ரன்ரைனுக்கு விளங்கியது.

"நான் கீப்பரில்லை," என்றான். "அண்டைக்கு அண்ணையின்ரை கையிலை முள்ளுக் குத்தினபடியாலை நிண்டனான். அதுக்கு முதல் ஒருநாளும் கோலுக்கை நிண்டதில்லை. உம்மை ஏமாத்தித்தான் கட்டினனான். ஆட்டம் முடியச் சொல்லப் போகினம். அதுக்கு முதல் நான் சொல்ல வேணுமெண்டு..."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஸ்ரெல்லா.

அவன் திரும்பவில்லை. சிற்றம்பலம் ஆறாவது எட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அதுக்கு முதல் கிழமை உங்கடை ஊரிலை சின்னம்மா வீட்டை நிண்டனான். உங்கடை ஆட்டத்தைப் பாத்தனான். இடப்பக்கம் சும்மா ஓடிக்கொண்டு திரிஞ்சனீங்கள். பந்து கடலுக்கை போயிட்டுது. மிச்சப் பேரெல்லாம் இடுப்பிலை கையை வச்சுக்கொண்டு நிண்டவை. நீங்கள்தான் சப்பாத்தோடை இறங்கி நீந்திப் போய் எடுத்துக்கொண்டு வந்தனீங்கள். அண்டைக்கே நான் நினைச்சிட்டன்." ஸ்ரெல்லா குடையை மறு தோளுக்கு மாற்றினாள். "ஆனால் எங்கடை அண்ணை கீப்பர் மாப்பிள்ளை எண்டால்தான் பேசுவன் எண்டு நிண்டவர். நீங்கள் தற்செயலாய்க் கோலுக்கை நிண்டீங்கள், நான் உள்ளதைச் சொல்லேல்லை."

கொன்ஸ்ரன்ரைன் திரும்பினான். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். அவளைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பின்னால் விசில் சத்தம் கேட்டது. பந்து அவன் கால்களுக்கிடையால் உருண்டு வலைக்குள் போய் ஸ்ரெல்லாவுக்கு முன்னால் நின்றது.

சிப்பித்துறை ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. கோல்காப்பாளன் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றபோது அடித்த உதை செல்லாது என்று மரியநேசன் தொண்டை கிழியக் கத்தினார். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறது அவருடைய விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன் என்று சொல்லிச் சிற்றம்பலம் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

றெஜி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றான். கண்டல்முனை முழுவதும் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. றெஜி எல்லாவற்றையும் சொன்னான். திருக்கை முள், இடது ஓரம், சொந்தக் கோலுக்குள் போட்ட இரண்டு கோல், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கண்டல்முனை வெடித்துச் சிரித்தது. சிப்பித்துறை சிரிக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படியென்றால் இவ்வளவு காலமும் பந்து பிடித்தது யார் என்று ஒரு கிழவர் கேட்டார். கண்டல்முனையின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

மரியநேசன் மட்டும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஏதோ கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு மைதானத்தைக் கடந்து நேரே தங்கச்சியிடம் வந்தார். கொன்ஸ்ரன்ரைன் இடையில் போய் நின்றான். அவர் அவனை விலக்கிவிட்டார்.

"நீயெல்லோ எனக்குச் சொன்னனி, இடம்பெயர முதலே அவர்தான் அங்கை கீப்பரெண்டு? நான் ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் ஓமெண்டனி."

"ஓம் அண்ணை. நான்தான் சொன்னனான்."

"கழகத்தை ஏமாத்திப் போட்டாய்."

"கழகத்துக்கு நீங்கள் ஒரு கீப்பரைக் கேட்டனீங்கள். எனக்கு நான் இவரைக் கேட்டனான்," என்றாள் ஸ்ரெல்லா. "ரெண்டு பேருக்கும் கேட்டது கிடைச்சுதுதானே."

மரியநேசன் கொன்ஸ்ரன்ரைனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, அடுத்த வருஷமும் இவர்தான் நிற்க வேண்டும், ஓய்வு கீய்வு என்ற கதை வேண்டாம் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பந்தல் பக்கம் நடந்தார்.

கொன்ஸ்ரன்ரைன் ஊர் பார்க்க அவள் கையைப் பிடித்தான். கலியாணத்தன்று கோயிலில் பிடித்ததற்குப் பிறகு, நாலு பேர் முன்னால் அவன் அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். எல்லாரும் பாக்கினம் என்றாள் ஸ்ரெல்லா. பாக்கட்டும் என்றான்.